கே வண்டி என்றால் போதுமா?



லயத்து வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "அது பினாங்கு காடி, இது பேரா லோரி, அந்தா போறது கே.எல். காடி" என்று மடமடவென்று சொல்லும். வாய்ப்பாடு வராத பிள்ளைக்குக்கூட இந்தப் பாடம் வந்துவிடும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்ட பாடம்.

நல்லதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருப்பது பெரியவர்களுக்கு விளையாட்டாக இருந்துவிடக் கூடாது. அந்தக் கறுப்புப் பலகையில் உள்ள வெள்ளை எழுத்தும் எண்ணும் ஒரு தொழிலாளியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும், ஒரு குடும்பத்தின் நஷ்டஈட்டுக்கும், செகண்டு ஹேண்டு மோட்டார் சைக்கிள் வாங்கியவனின் நிம்மதிக்கும் சம்பந்தப்பட்டவை. ஆகவே பலகை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

எந்த எழுத்து எந்த மாநிலம்?

நமது கெடாவுக்குக் 'கே'. மலாக்காவுக்கு 'எம்', நெகிரி செம்பிலானுக்கு 'என்', ஜொகூருக்கு 'ஜே', பினாங்குக்கு 'பி', திரங்கானுவுக்கு 'டி'. இவையெல்லாம் அந்தந்த மாநிலப் பெயரின் முதல் எழுத்து. மனத்தில் வைப்பது சுலபம்.

பேராவுக்கும் பகாங்குக்கும் பெயரின் முதல் எழுத்து பினாங்கின் எழுத்தேதான். அது பினாங்குக்குப் போய்விட்டது. சிலாங்கூரின் முதல் எழுத்தோ சிங்கப்பூருடையது. சிங்கப்பூர் 1965-ல் பிரிந்து போனது. இன்றும் அங்குள்ள சொந்தக் கார்களின் பலகை 'எஸ்' என்றுதான் தொடங்குகிறது. கிளந்தானின் முதல் எழுத்து நம் கெடாவிடம் இருக்கிறது. ஆக, இந்த நான்கு மாநிலங்களுக்கும் ஆங்கில அரிச்சுவடியின் முதல் நான்கு எழுத்தும் வரிசையாகக் கிடைத்தன: ஏ பேராவுக்கு, பி சிலாங்கூருக்கு, சி பகாங்குக்கு, டி கிளந்தானுக்கு. நம் பக்கத்து வீடான பெர்லிஸ், பெயரின் நடுவிலிருந்து 'ஆர்' எழுத்தை எடுத்துக்கொண்டது.

கோலாலம்பூர் முன்பு சிலாங்கூரைச் சேர்ந்தது. அங்கே ஓடிய காடிகளுக்கும் சிலாங்கூர் எழுத்துதான். 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி அது கூட்டரசுப் பிரதேசமானது. மலாயில் 'விலாயா' என்பதால் அதற்கு 'டபிள்யூ' எழுத்து வந்தது. வண்டிகள் பெருகிப் பெருகி அந்த எழுத்து தீர்ந்துபோய் இப்போது 'வீ' எழுத்தும் கோலாலம்பூருக்கு ஓடுகிறது. புத்ராஜெயாவுக்கு 'எஃப்', லாபுவானுக்கு 'எல்'. கடல் தாண்டிச் சபாவுக்கு 'எஸ்', சரவாக்குக்கு 'கியூ'.

'ஐ', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகளைச் சாதாரணப் பலகைகளில் பார்க்க முடியாது. முதலாவது ஒன்று போலவும் மற்றது பூஜ்யம் போலவும் தெரிந்து குழப்பும் என்று ஒதுக்கிவிட்டார்கள். 'இசட்' எழுத்து ராணுவத்துக்கு. அதிலும் தரைப்படைக்கு இசட்-டி, கடற்படைக்கு இசட்-எல், ஆகாயப்படைக்கு இசட்-யூ. டாக்சிக்குப் பலகையே மாறும்: வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, முதலில் 'எச்', அடுத்து மாநில எழுத்து. அலோர் ஸ்டார் டாக்சி நிலையத்தில் நிற்பவை 'எச்-கே'. பட்டர்வொர்த்தில் இறங்கினால் 'எச்-பி'.

பெண்டாங்குக்குத் தனி எழுத்து உண்டா?

"கே-க்கு அடுத்து பி வந்தால் அது கெடா பெண்டாங், எஸ் வந்தால் சுங்கைப் பட்டாணி" என்று சிலர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது சரியல்ல. கெடாவில் இரண்டாவது எழுத்து ஊரைச் சொல்வதில்லை. 'கே' என்ற ஒற்றை எழுத்தில் 1 முதல் 9999 வரை ஓடி முடிந்ததும் கே-ஏ, அது முடிந்ததும் கே-பி என்று அரிச்சுவடி வரிசையில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வரிசைக்கு 9,999 வண்டிகள்தான். இரண்டு எழுத்தும் தீர்ந்து, கெடா இப்போது மூன்று எழுத்துக்கு வந்தாயிற்று. அலோர் ஸ்டாரில் பதிந்தாலும் கூலிமில் பதிந்தாலும் ஒரே வரிசைதான்.

இதற்கு ஒரே விலக்கு லங்காவி. அந்தத் தீவு 1987-லிருந்து வரியில்லாத் தீவு. அங்கே வரி கட்டாமல் பதியும் வண்டிகளுக்குக் 'கே-வீ' என்று தனி எழுத்து. அந்த வண்டியைச் சுங்க இலாகாவின் அனுமதி இல்லாமல் பெரிய கரைக்குக் கொண்டுவர முடியாது. அனுமதி பெற்றாலும் குறிப்பிட்ட நாளைக்குள் திரும்பிப் போயாக வேண்டும். ஆகவே, "லங்காவி காடி, மலிவு, எடுத்துக்கோ" என்று கோலக் கெடாவில் யாராவது சொன்னால் கையை உதறிவிட்டு வந்துவிடுங்கள். மலிவாக வாங்கியதற்குப் பிறகு பெரிய விலை கொடுக்க வேண்டிவரும்.

சபாவிலும் சரவாக்கிலும் கதை வேறு. அங்கே இரண்டாவது எழுத்தும் ஊரைச் சொல்லும். கியூ-ஏ கூச்சிங், கியூ-எஸ் சிபு, கியூ-எம் மிரி. எஸ்-எஸ் சண்டாக்கான். அங்கே செம்பனைத் தோட்ட வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

சாங்லூன் பக்கமும் புக்கிட் காயு ஈத்தாம் பக்கமும் போனவர்கள் தாய்லாந்துக் காடிகளைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் பலகையில் மாநிலத்தின் பெயரையே அடியில் எழுதிவிடுகிறார்கள். எழுத்து புரியாவிட்டால் நமக்கு அதனால் பலனில்லை, அவ்வளவுதான்.

எழுத்து சொல்வது பிறந்த ஊரை மட்டுமே

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பலகையிலுள்ள எழுத்து, வண்டி எங்கே முதலில் பதியப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. இன்று அது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, ஓட்டுகிறவன் எந்த ஊர்க்காரன் என்பதைச் சொல்வதில்லை. கெடாவில் பதிந்த காடியை ஜொகூர்க்காரர் வாங்கினால் அது கே எழுத்தோடேயே ஜொகூரில் ஓடும். விற்கும்போது பலகை மாறாது.

எங்கே செய்தார்கள் என்பதையும் அது சொல்வதில்லை. நம் பெண்டாங்குக்குப் பக்கத்திலிருக்கும் குரூணில்தான் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருக்கிறது. 1996-லிருந்து அங்கே செய்த 'கிரிஸ்' மோட்டார் சைக்கிள்கள் நாடு முழுவதும் ஓடுகின்றன. குரூணில் செய்த வண்டி ஈப்போவில் பதிந்தால் ஏ, ஜொகூர் பாருவில் பதிந்தால் ஜே. கெடா மண்ணில் செய்த வண்டிதான், ஆனால் பலகையில் கெடா இல்லை.

நம் ஐ.சி.யும் இப்படித்தான். 1990-லிருந்து வந்த பன்னிரண்டு எண் ஐ.சி.யில் முதல் ஆறு எண் பிறந்த தேதி. அடுத்த இரண்டு எண் பிறந்த இடம். கெடாவுக்கு 02, பினாங்குக்கு 07, பேராவுக்கு 08, பெர்லிசுக்கு 09, சிலாங்கூருக்கு 10. தோட்டம் துண்டாடப்பட்டு, வேலை போய், கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் பிழைக்கப் போன நம் பிள்ளைகளின் ஐ.சி.யில் 02 அப்படியே இருக்கிறது. ஃபேக்டரி கேட்டில் நிற்கிற காவலாளி அந்த எண்ணைப் பார்த்து, "கெடாவா? எந்த தோட்டம்?" என்று கேட்பதுண்டு. எண் பிறந்த மண்ணைச் சொல்கிறது. ஆள் எங்கே வாடகை வீட்டில் இருக்கிறான் என்பதைச் சொல்லவில்லை. வண்டிப் பலகையும் அதே மாதிரிதான்.

ஊரில் எப்படி?

நம் தாத்தா பாட்டிமார் வந்த தமிழ்நாட்டில் முறை வேறு. அங்கே 1989-லிருந்து 'டி.என்.' என்று மாநில எழுத்தும், அதன் பிறகு வட்டார அலுவலகத்தின் எண்ணும் எழுதுகிறார்கள். சேலம் 30, திருச்சி 45, தஞ்சாவூர் 49, நாகப்பட்டினம் 51. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊரைப் பார்க்கப் போனால், ரோட்டில் 51 என்ற எண்ணைப் பார்த்ததும் இறங்கவேண்டிய சீமை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நம் கெடாவில் இல்லாத வசதி அது: அலுவலகம் வரைக்கும் பலகையே சொல்லிவிடும்.

இலங்கையில் மாகாண எழுத்தைப் போட்டுவந்தார்கள். நம்மைப் போன்ற தோட்டப் பாட்டாளிகள் வாழும் நுவரெலியா, கண்டிப் பகுதிக்கு மத்திய மாகாணத்தின் 'சி.பி.', பதுளைப் பகுதிக்கு ஊவாவின் 'யூ.பி.'. மாகாணம் மாறி விற்றால் பலகையையும் மாற்ற வேண்டிய தொல்லை இருந்தது. 2023 முதல் புதிய பலகைகளில் அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். ஊர் எழுத்து இல்லாமலும் ஒரு வண்டியை அடையாளம் காணலாம் என்பதற்கு இதுவே சாட்சி. எண் முழுமையாக இருந்தால் போதும்.

"கே லோரிங்க" என்றால் யாரைத் தேடுவது?

இப்போது நம் சங்க வேலைக்கு வருவோம். காலை இருட்டோடு பெரட்டுக்குச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்கள் நாம். விபத்து நடக்கிற நேரமும் அதுதான். பெண்டாங் வட்டாரத்தில் ஒரு தொழிலாளியை லோரி ஒன்று தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் முறிந்தது. பார்த்தவர்கள் நாலைந்து பேர். விசாரித்தபோது ஒருவர் "செவப்பு லோரி" என்றார், ஒருவர் "கல்லு ஏத்தற லோரி" என்றார். எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னது, "கே லோரிங்க!" என்பதுதான். கெடா ரோட்டில் கே லோரி என்பது வைக்கோல் போரில் ஊசி அல்ல, வைக்கோல் போரில் வைக்கோல்! போலீஸ் எங்கே போய்த் தேடும்? அந்த லோரி அகப்படவே இல்லை.

இன்னொரு சம்பவம். பால்மரம் சீவும் ஓர் அம்மாள், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். எழுத்து தெரியாது, பால் நிறுக்கிற இடத்தில் பார்த்துப் பார்த்து எண் மட்டும் தெரியும். தன் கண்ணெதிரே ஒரு பையனைத் தட்டிவிட்டு ஓடிய வேனின் நாலு எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தார். வழியில் யார் கூப்பிட்டும் பதில் பேசவில்லையாம், எண் மறந்துவிடும் என்று. வீட்டுக்கு வந்து மகளை எழுதச் சொன்னார். அந்த நாலு எண்ணும், வேனின் நிறமும், போன திசையும் சேர்ந்து போலீசுக்குப் போதுமானதாக இருந்தது. வேன் அகப்பட்டது. இன்சுரன்ஸ் கம்பெனியும் தெரிந்தது.

எழுத்தை மட்டும் பார்த்த நாலு பேரால் ஆகாத காரியம், எண்ணைப் பார்த்த ஒரு தாயால் ஆயிற்று.

இரண்டு வழி இருக்கிறது, மறக்காதீர்

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே நேர்கிற விபத்து, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் அடங்கும். நடுவில் சொந்த வேலைக்காக வேறு பக்கம் திரும்பிப் போயிருக்கக் கூடாது. முதலாளி தமக்குத் தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இந்த வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம்மோடு ஒரே காட்டில் குலை வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள்.

சொக்சோ பணத்துக்கு, தட்டிய வண்டியின் எண் கட்டாயமில்லை. ஆனால் அத்தோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. நாட்டில் பொதுச் சாலையில் ஓடும் எந்த மோட்டார் வண்டிக்கும் மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கான இன்சுரன்ஸ் இருந்தாக வேண்டும்; 1987-ஆம் ஆண்டு ரோட்டுப் போக்குவரத்துச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சொக்சோ வாங்கியவர் முதலாளி மீது வழக்குப் போடுவதைத்தான் சட்டம் தடுக்கிறது. வெளியார் லோரி தட்டியிருந்தால், தவறு அவர்கள் பக்கம் என்றால், அவர்கள் இன்சுரன்ஸில் நஷ்டஈடு கேட்கும் உரிமை தனி. இந்த இரண்டாவது வழிக்குச் சாவி வண்டியின் எண். எண் இருந்தால் சொந்தக்காரர் பெயரையும் இன்சுரன்ஸ் கம்பெனியையும் பதிவேட்டில் தேடி எடுக்கலாம். எண் இல்லையென்றால் கதவு பாதி மூடிவிட்டது.

வழக்குப் போட ஆறு ஆண்டு கெடு உண்டு. தட்டியது அரசாங்க வண்டி என்றால் 36 மாதம்தான். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, "அண்ணே, இதுல கையெழுத்துப் போடுங்க, கேஸை நாங்க பாத்துக்கிறோம்" என்கிற தரகர்களிடம் கைநாட்டு வைத்துவிடாதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

எப்படிப் பார்ப்பது, எப்படிச் சொல்வது?

ஒன்று: முதலில் எண்ணைப் பிடியுங்கள், பிறகு எழுத்தை. கெடாவில் பெரும்பாலான வண்டிக்கு முதல் எழுத்து கே-தான், அது எங்கேயும் ஓடிவிடாது. எண்தான் ஓடிவிடும்.

இரண்டு: கையில் கைப்பேசி இருந்தால் படம் எடுங்கள். இல்லையென்றால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள். கையில், அட்டையில், மண்ணில், எதிலாவது எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று இருக்காதீர்கள். பதறிய மனத்தில் எதுவும் நிற்காது.

மூன்று: ரிப்போட் கொடுக்கும்போதும் போனில் சொல்லும்போதும் எழுத்தை மட்டும் சொல்லாதீர்கள், மாநிலப் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். நம் வாயில் சிலாங்கூர் எழுத்தும் பினாங்கு எழுத்தும் ஒரே 'பி'. கிளந்தான் எழுத்தும் திரங்கானு எழுத்தும் ஒரே 'டி'. கேட்கிறவர் எதையாவது எழுதிக்கொள்வார். அதனால் "பினாங்கு பி", "சிலாங்கூர் பி", "மலாக்கா எம்", "நெகிரி என்" என்று சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகள் விளையாட்டாகக் கற்ற பாடம் இங்கே உதவும். இரண்டாவது மூன்றாவது எழுத்துக்கும் இதே முறைதான்.

நான்கு: வண்டியின் வகை, நிறம், கதவில் எழுதியிருக்கும் பெயர், போன திசை, நேரம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். போலீஸ் ரிப்போட்டை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அடிபட்டவரால் போக முடியாவிட்டால் குடும்பத்தார் போகட்டும்.

மோட்டார் சைக்கிள் வாங்கும் தம்பிகளுக்கு

பலகையைப் பார்த்து வண்டியின் வயதை ஓரளவு சொல்லலாம். எழுத்து குறைந்தால் பழையது, கூடினால் புதியது. ஆனால் அதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பழைய எண்ணைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ள ஜே.பி.ஜே. அனுமதிக்கிறது. நல்ல எண்களை ஏலத்திலும் எடுக்கலாம். 1998 காமன்வெல்த் போட்டியை ஒட்டி 'சுகோம்' என்று மாநிலமே இல்லாத பலகைகூட வந்தது. ஆகவே பலகையை அல்ல, பதிவு அட்டையைப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது எந்த மாநில வண்டியாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

தோட்டத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. "மாமா, முன்னூறு வெள்ளி குடுங்க, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று மோட்டார் சைக்கிளை கைமாற்றிவிடுவது. அந்த அப்புறம் வருவதே இல்லை. விற்றவர் பெயருக்குச் சம்மன் வந்துகொண்டே இருக்கும். வாங்கியவரோ தன் பெயரில் இன்சுரன்ஸ் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். ஒரு விபத்து நடந்தால் இரண்டு வீட்டுக்கும் தலைவலி. 2023 பிப்ரவரியிலிருந்து ரோட் டேக்ஸ் காகிதத்தைச் சொந்த வண்டியில் ஒட்டத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. அதனால் ரோட் டேக்ஸே தேவையில்லை என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். காகிதம்தான் போயிற்று, கட்டவேண்டியது அப்படியே இருக்கிறது. சாலைத் தடுப்பில் நிற்கிற அதிகாரி எண்ணைத் தட்டிப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும்.

எண் எழுத்தை அழகு பண்ணி, சின்னதாக்கி, சாய்த்து எழுதும் தம்பிகளே, அது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உன் அப்பாவை ஒரு வண்டி தட்டிவிட்டு ஓடினால், அதன் பலகையும் இப்படி இருந்தால், நீ யாரைத் தேடுவாய்?

தோழர்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை ரோட்டோரம் பாதுகாப்பாக உட்கார வைத்து, "என்ன ஊர் வண்டி?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன நம்பர்? திருப்பிச் சொல்லு!" என்று கேளுங்கள். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் எண்ணை முழுசாகச் சொல்கிற பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். ஒருநாள் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் எண்ணை நம்பி ஒரு குடும்பம் நிற்கக்கூடும்.